போலே தஹான்

எனக்கு மலைப்பாதை என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் தெலுக் இந்தான் பக்கம் தட்டை நிலத்தில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும், நாற்காலி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம், வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும். தலைக்கு மேலே இருக்கிற மண் ஒருநாள் இறங்கி வரும் என்ற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. கேமரன் மலைக்கு மாற்றல் கிடைத்தபோது உறவுக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். குளிர், ஸ்ட்ராபெர்ரி, தேயிலை, படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கிப் போய்விடுவார்கள், நான் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் அடியில் இருக்கிற சின்ன அரசாங்க கிளினிக் எங்களுடையது. அதற்கு நான் பொறுப்பு சிஸ்டர். வேறு சிலரும் வேலை செய்கிறார்கள் என்றாலும், நான் சொல்லப்போவதில் மூன்று பேர்தான் வருகிறோம். ஒன்று நான். இரண்டாவது எங்கள் மிசி, அதாவது வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்து வருகிற இளம் நர்ஸ். தோட்டத்துப் பெண், அதிர்ந்து பேசமாட்டாள், சினிமாவில் யாராவது அழுதால்கூடச் சேர்ந்து அழுவாள். மூன்றாவது எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர்.

டிரைவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. என்னைவிடப் பெரியவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், அப்பா அம்மா இருவரும் அதே மலையில் கொழுந்து பறித்தவர்கள். அவர் அரசாங்க வேலைக்குப் போனது லயத்துக்கே ஒரு சேதி. இன்றைக்கும் அங்கே அவரைப் பற்றிப் பேசினால் “கவர்மெண்டு ஸ்டேரிங் புடிச்சவரு” என்றுதான் சொல்வார்கள். அவர் அந்த ஸ்டேரிங்கைத் துடைக்கிற துடைப்பிலும் அந்தப் பெருமை தெரியும். வாய் ஓயாமல் கேலி பேசுவார், பழைய பாட்டுகளைச் சுருதி பிசகிப் பாடுவார், வழியில் யாரைப் பார்த்தாலும் ஹாரன் அடித்து நலம் விசாரிப்பார்.

ஒரு மழைக்காலப் பிற்பகல், அவரும் மிசியும் மேல் லயத்தில் ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் வேனில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பாதையில் ஒரு வளைவு. வேன் அதைத் தாண்டிய உடனே பின்னால் மலைச்சரிவு தேயிலைச் செடிகளோடு இறங்கிவிட்டது. பின்கதவில் சேறு அடித்தது, அவ்வளவுதான். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வேனை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, சற்று முன் அவர்கள் வந்த பாதை அங்கே இல்லை என்று மிசி என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குப் பற்கள் கிட்டித்துக்கொண்டன.

தோட்டத்துத் துரை ஆட்களை விட்டு மண்ணை வாரி, பாதையை ஒட்டுப்போட்டுத் திறந்துவிட்டார். ஆனால் வெளிப்பக்கக் கரை போனது போனதுதான். இரண்டு வண்டி ஒதுங்கிப் போன இடத்தில் இப்போது ஒன்று மட்டும் போகலாம். கரை முடிகிற இடத்தில் மூங்கில் குச்சிகளை நட்டு சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தார்கள். அந்த நாடா காற்றில் படபடக்கிற சத்தம் எனக்குக் கனவில்கூடக் கேட்டது. லயத்து ஜனங்கள் அதற்கு இடிஞ்ச வளைவு என்று பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மிசி அழுதாள், லீவு எடுத்தாள், திரும்பி வந்தும் அழுதாள். டிரைவரோ மண் விழுந்த கதையை நடித்தே காட்டினார். கிளினிக் வாசலில் நின்று, “தோ பாரு, மல என்னா கேட்டுச்சு தெரியுமா? அண்ணே, எனக்கும் ஒரு லிப்ட் குடுங்கன்னு கேட்டுச்சு. வண்டி பெனோ, எடம் இல்ல போன்னு வந்துட்டேன்” என்றார். வண்டி நிறைந்துவிட்டது என்பதை மலாயில் அவர் சொன்ன விதத்தில் காத்திருந்த நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். நான் மிசியைக் கண்ணுக்குள் வைத்துக் கவனித்தேன். டிரைவரைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை, சிரிக்கிற மனிதருக்கு என்ன குறை என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில்தான் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். கிளினிக்குகளுக்குப் பொறுப்பானவர்கள் தங்களிடம் வேலை செய்கிறவர்களின் மனத்தைத் தளரவிடாமல் எப்படிக் காப்பது என்று சொல்லித்தருகிற பயிற்சி. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் அறை, மேசைக்கு மேசை ஸ்ட்ராபெர்ரி ஜாம், ஜன்னலுக்கு வெளியே காய்கறி லாரிகளின் உறுமல். மேடைத்திரையில் பெரிதாக ‘டாயா தஹான்’ என்று மலாயில் எழுதியிருந்தது. தாங்கும் சக்தி என்று அர்த்தம். தமிழில் மீள்திறன் என்று ஒரு சொல் இருப்பதாகப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் எனக்காகச் சொன்னார். குவாந்தானிலிருந்து வந்த தமிழ்ப் பெண், என்னைவிட வயதில் இளையவர், குரலில் அவசரமே இல்லை. அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆளுக்கு ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்தார். அழுத்தினால் நசுங்கும், விட்டால் பழையபடி உருண்டையாகும். மனமும் அப்படித்தான் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“பந்து மேல மண்ணு விழுந்தா என்னாங்க ஆவும்?” என்று கேட்டேன்.

அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். “உங்க டீம் மேல விழுந்துச்சா?” என்றார். நான் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் சொன்னவற்றில் இரண்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்று, தினமும் காலையில் ஒவ்வொருவரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். மற்றது, “பயம் இருந்தா மொதல்ல நீங்க சொல்லுங்க. மேல உள்ளவங்க வாயத் தொறக்காம கீழ உள்ளவங்க தொறக்கமாட்டாங்க.” முதலாவதை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. எனக்கே பயம் என்று நான் சொல்லிவிட்டால் பிறகு யார் மேல் லயத்துக்குப் போவார்கள்? பொறுப்பில் இருக்கிறவள் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் உட்கார்ந்துவிடமாட்டார்களா? மலையிறங்கும் வழியெல்லாம் இதையே மனத்துக்குள் அந்த அம்மாளிடம் வாதாடிக்கொண்டு வந்தேன். வாதாடியது ஒரு வகையில் நல்லதுதான், வளைவுகளைப் பார்க்காமல் வர முடிந்தது.

மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். மிசியிடம் கேட்டால் நேற்று நன்றாகத் தூங்கினேன், தூங்கவில்லை என்று உள்ளபடி சொல்வாள். டிரைவரிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

“போலே தஹான் லா, சிஸ்டர்.”

இந்த ஊரில் வாழாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். லா வெறும் ஒட்டுச்சொல். போலே என்றால் முடியும். தஹான் என்றால் தாங்குவது. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுப்பதில்லை. பரவாயில்லை, மோசமில்லை, நன்றாகவே போகிறது என்றுதான் பொருள். மீகோரெங் நூடுல்ஸ் எப்படி, போலே தஹான். புது மருமகள் எப்படி, போலே தஹான். கல்யாணத்துக்கும் இதுதான், கருமாதிச் சாப்பாட்டுக்கும் இதுதான். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி வரும். டிரைவர் வாயிலும் வந்தது, நானும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். திரையில் பெரிய எழுத்தில் பார்த்த அதே தஹான்தான் இது என்று என் புத்திக்கு எட்டவில்லை.

மஞ்சள் பந்தை அவருக்குக் கொடுத்திருந்தேன். “வண்டியில சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிக்கறேன் சிஸ்டர், ரெண்டும் சேர்ந்து காப்பாத்தட்டும்” என்று வாங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். கொஞ்ச நாளில் பந்தில் நகக்குறிகள் தெரிந்தன. பிறகு ஒரு ஓரம் பிய்ந்தது. பிறகு பாதிப் பந்தே இல்லை, வண்டித் தரையில் மஞ்சள் துகள்கள் கிடந்தன.

“என்னாண்ணே இது?”

“எலி சிஸ்டர். தோட்டத்து எலி. டீ குடிச்சிட்டுக் கடிக்க ஏதாவது வேணும்ல?”

சிரித்தேன். சிரித்தாலும் எலி என்பதை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்கு எல்லாமே பயமாகத்தான் இருந்தது. கீழே இருக்கிற அணைக்கட்டில் அபாயச் சங்கை ஊதிச் சோதித்தால் பயம், கூரையில் மழை கொஞ்சம் கனமாக விழுந்தால் பயம். கிளினிக்கின் பின்சுவருக்கு மேலே இருக்கிற சரிவை வேலைக்கு வந்ததும் ஒருதரம், போகும்போது ஒருதரம் பார்த்துவிட்டுப் போவேன். யாராவது பார்த்தால் பறவை பார்ப்பதாகச் சொல்வேன். என் பயத்திலேயே நான் மூழ்கிக் கிடந்ததால் அந்தப் பந்தை அதற்குமேல் யோசிக்கவில்லை.

அடுத்த மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரம் மேல் லயத்திலிருந்து போன் வந்தது. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு ரத்தப்போக்கு. புருஷன் கியா பார்ம் பக்கம் வேலைக்குப் போயிருந்தான், பக்கத்து வீட்டுக்காரிதான் பேசினாள். எட்டு மாதத்தில் ரத்தம் என்றால் அதற்குமேல் எங்களுக்குக் கேள்வி கிடையாது. மிசி பையைத் தூக்கினாள். அவளுக்குக் கை உதவி தேவைப்படலாம் என்று நானும் ஏறினேன்.

ஏறும்போது இடிஞ்ச வளைவை டிரைவர் சட்டென்று கடந்தார். பாட்டு மட்டும் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். லயத்தில் அந்தப் பெண்ணைப் படுக்கையோடு தூக்கி வேனில் ஏற்றினோம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளைக்கு ஒன்னும் ஆவாதுல்ல மிசி?” என்றாள். லயத்தில் நர்ஸ் எல்லோரையும் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றும் ஆகாது என்றேன். வேகமாக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது, சேராவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆகும். மிசியும் அவளும் பின்னால் இருந்தார்கள், முன்னால் வழி பார்க்க நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருந்த சின்ன ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டோம்.

பாதி இறக்கத்தில் பனி இறங்கிவிட்டது. மழையும் பனியும் சேர்ந்தால் இந்த மலையில் முன்விளக்கு வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பி வரும். தேயிலைச் செடிகள் முதலில் மறைந்தன, பிறகு பாதையின் ஓரம் மறைந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் வேன் நின்றது. பாட்டும் நின்றது.

“என்னாச்சுண்ணே?”

“ஒன்னும் இல்ல சிஸ்டர். பனி கொஞ்சம் வெலகட்டும்.”

பனி விலகவில்லை. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. எங்கோ கீழே நாடா படபடத்தது. நடுவில் இருந்த ஜன்னலில் மிசியின் முகம் தெரிந்தது. “சிஸ்டர், ஏன் நின்னுட்டோம்? இன்னும் போவுதுங்க” என்றாள். ரத்தம் என்ற சொல்லை அந்தப் பெண்ணின் காதுபடச் சொல்லாமல் விழுங்கியது எனக்குப் புரிந்தது.

டிரைவரைப் பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டேரிங்கில் இருந்தன. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அவ்வளவு குளிரில் கழுத்தில் வியர்வை ஓடியது.

பயிற்சியில் கற்றது ஞாபகம் வந்தது. “அண்ணே, மூச்ச மெதுவா இழுங்க. மெதுவா விடுங்க” என்றேன். பாவம், சொன்னபடி இழுத்தார், சொன்னபடி விட்டார். விட்ட மூச்செல்லாம் கண்ணாடியில் படிந்து பாதை இன்னும் மறைந்ததுதான் மிச்சம். நான் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தேன்.

“அண்ணே, போலேயா?”

“போலே தஹான், சிஸ்டர்.”

வாய் சொன்னது, கை அசையவில்லை. அப்போதுதான் அந்தச் சொல் எனக்குக் காதில் விழுந்தது. அத்தனை நாள் அது காதைத் தொட்டுக்கொண்டு போயிருந்தது, விழவில்லை. மலாயில் கேட்டால் மலாயில்தான் பதில் வரும், அந்தப் பதிலுக்குள் ஒரு மனிதர் முழுசாக ஒளிந்துகொள்ளலாம். நான் அவர் வீட்டுப் பாஷையில் கேட்டேன்.

“அண்ணே. தாங்குதா?”

வைப்பர் போய் வந்தது. பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடியே, சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார்.

“தாங்கல, சிஸ்டர்.”

அந்தச் சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது.

“அன்னிக்கிலேருந்தே தாங்கல. மழ சத்தம் கேட்டாலே காலு வெடவெடங்குது. வூட்டுல சொல்லல, யாருகிட்டயும் சொல்லல. சொன்னா ஸ்டேரிங்க புடுங்கிடுவாங்க சிஸ்டர். அப்புறம் லயத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடக்கறது?”

அவர் சொன்னது நியாயம். பயம் இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று ஹோட்டல் அறையில் உட்கார்ந்து சொல்வது எளிது. மேலே உள்ளவர் நாளைக்கே வண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்தால்? அவருக்கு மேலே உள்ளவள் நான்தான். பின்னால் ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வேனை ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் அந்த வளைவில் ஓட்டும் தைரியம் ஏழேழு ஜென்மத்துக்கும் வராது. எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க இவர் ஒருவர்தான் உண்டு, இவரோ கல்லாகிவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. வேறு எதுவும் தோன்றாததால்தான், எது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேனோ அதையே செய்தேன்.

“எனக்கும் தாங்கல அண்ணே. இந்த வளைவு வர்றப்பெல்லாம் நான் கண்ண மூடிக்குவேன்.”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“தெரியும் சிஸ்டர். பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க.”

இருவரும் சிரித்தோமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு சத்தம் வந்தது. அவருடைய ஒரு கை ஸ்டேரிங்கை விட்டு இறங்கியது, முழங்காலைத் தேய்த்தது.

“கரை எங்க முடியுதுன்னு தெரிய மாட்டேங்குது. அதான் சிஸ்டர். அது மட்டும் தெரிஞ்சா போயிடுவேன்னு நெனக்கிறேன்.”

டார்ச்லைட்டை எடுத்தேன். கதவைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எனக்கே அதிர்ச்சியாக இருந்தன.

“நான் கரை ஓரமா முன்னுக்கு நடக்கறேன். நான் விழலன்னா நீங்க வாங்க.”

நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது சுலபம். கால் ஒவ்வொன்றையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூங்கில் குச்சிகளில் சில சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு உள்பக்கமாக, டார்ச்சைப் பின்னால் காட்டியபடி, மழையில் கண்ணை இடுக்கிக்கொண்டு போனேன். காலுக்குக் கீழே தார் மெத்தென்று இருப்பதுபோல் ஒரு நினைப்பு. மேலே சரிவில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது. ஓடிவிடலாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. ஆனால் நான் ஓடினால் அவர் எதைப் பார்த்து வருவார்? பின்னால் வேன் முதல் கியரில் முனகிக்கொண்டு, என் முதுகை ஒட்டியே வந்தது. நான் தப்பாகக் கால் வைத்தால் அவரும் தப்பாகத்தான் வருவார், பின்னால் இருக்கிற இரண்டரை உயிரும் அவரோடு வரும். பொறுப்பு என்றால் என்ன என்று பல வருடம் பேசியிருக்கிறேன். அது இப்படி முதுகில் சூடாக, டீசல் நாற்றத்தோடு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரிவு முடிந்து இருபுறமும் தேயிலைச் செடி தெரிந்தபோது நான் நிற்கவில்லை, பயத்தில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துகொண்டே இருந்தேன். ஹாரன் அடித்துத்தான் நிறுத்தினார்.

“ஏறுங்க சிஸ்டர். ரிங்லெட் வரைக்கும் நடந்தே போயிடலாம்னு பாக்கறீங்களா?”

ஏறினேன். அப்புறம் அவர் ஓட்டிய ஓட்டத்தில் டவுனுக்குப் போய்ச் சேர்ந்ததே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே பெண் குழந்தை, கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் கிடந்தது, பிழைத்தது. தாயும் பிழைத்தாள்.

திரும்பி வரும்போது டிரைவர் கேட்டார். “ஆபீசுல சொல்லிடுவீங்களா சிஸ்டர்?”

“சொல்லத்தான் போறேன். ஆனா தனியா இல்ல. நாம ரெண்டு பேரும் போறோம். எனக்கு என்னா பயம்னு மொதல்ல சொல்றேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.”

அவர் ஸ்டேரிங்கை ஒருமுறை கையால் துடைத்தார். “ஸ்டேரிங்கு போச்சுன்னா உங்க வூட்டு வாசல்ல வந்து ஒக்காந்துடுவேன்” என்றார். அதில் பாதிதான் கேலி.

ஸ்டேரிங் போகவில்லை. மாவட்ட அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், மனநல ஆலோசகரிடம் அனுப்பினார், என்னையும் சேர்த்து. கரைக்கு இரும்புத் தடுப்புப் போட வேண்டும் என்றோம், எழுதியிருக்கிறோம், வரும் என்றார்கள். வருகிற வரைக்கும் நாங்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பனி மறைத்தால் அந்த வளைவில் ஒருவர் இறங்கி முன்னால் நடக்க வேண்டும். டிரைவர் கேட்க வேண்டியதில்லை, அவர் வண்டியை நிறுத்தினாலே இறங்கிவிட வேண்டும். காலையில் கேட்கிற கேள்வியையும் “தாங்குதா?” என்று மாற்றினேன். எங்கள் மலாய்க்கார ஊழியர்கூட இப்போது “தாங்குடா?” என்று என்னைக் கேட்கிறார், டாவும் தாவும் அவருக்கு ஒன்றுதான். தாங்கல என்று யாராவது சொன்னால் ஏன் என்று குடைவதில்லை, இன்றைக்கு எதை மாற்றலாம் என்று மட்டும் பார்ப்போம்.

இதனால் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவருக்கு இன்னும் மழைச் சத்தத்தில் கால் நடுங்குகிறது. நான் இன்னும் பறவை பார்க்கிறேன்.

போன மாதம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக் குழந்தையைப் பார்க்க மூன்று பேரும் மேல் லயத்துக்குப் போனோம். கன்னம் உப்பி, எடை ஏறி, மிசியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. இறங்கும்போது பனி. இடிஞ்ச வளைவுக்கு முன்னால் வேன் நின்றது. மிசி போனமுறை நடந்திருந்தாள், இது என் முறை.

கதவுப் பிடியில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது. காலையில்தான் அணைக்கட்டுச் சங்கு ஊதியிருந்தது, முதல் நாள் இரவு முழுக்க மழை, நான் தூங்கவேயில்லை. நாடா படபடத்தது. இறங்கு, இறங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. பொறுப்பு சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்ற வெட்கம் பயத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தது.

டிரைவர் என் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“தாங்குதா சிஸ்டர்?”

போலே தஹான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“தாங்கல அண்ணே.”

அவர் தலையை ஆட்டினார். என்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தார், யாரையும் எதுவும் கேட்கவில்லை. பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தது. சினிமாவுக்கே அழுகிற எங்கள் மிசி, டார்ச்சைப் பின்னால் காட்டியபடி, கரை ஓரமாகப் போய் நின்றாள். திரும்பாமலே கத்தினாள்.

“நான் விழலன்னா வாங்க!”

டிரைவர் முதல் கியரைப் போட்டார். அந்த மஞ்சள் கோட்டு எங்களுக்கு முன்னால் மெல்ல மெல்லப் போயிற்று. வளைவு முடிகிற வரைக்கும் நான் கண்ணை மூடவில்லை.